பிடுங்குவது இலவசம், காப்பாற்றுவது காசுக்கு
திகாமடுல்ல மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஏழு பேருக்கும் ஒரு திறந்த மடல்

கௌரவ உறுப்பினர்களே,

நீங்கள் வெவ்வேறு கட்சி, வெவ்வேறு சமூகம். கல்முனையின் வாக்கும் திருக்கோவிலின் வாக்கும் அம்பாறை நகரத்தின் வாக்கும் ஒரே காரணத்துக்காக விழுந்தவை அல்ல. ஆனால் இந்த மடல் பேசும் விஷயத்தில் அந்தப் பிரிவுகளுக்கு வேலையில்லை. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வாங்கும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குப் பல் சூத்தையாகி வலி எடுத்தால் அரசாங்கம் அவருக்கு என்ன தருகிறது? பல்லைப் பிடுங்கித் தருகிறது. அது இலவசம், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மட்டும், சட்டப்படி இலவசமாக இருக்கும் ஒன்று நடைமுறையில் எட்டாத ஒன்றாகிவிடுகிறது. இது ஒரு வெட்டு. எவரும் சபையில் கை உயர்த்தி நிறைவேற்றாத வெட்டு என்பதால்தான் அது இன்னும் நீடிக்கிறது என்று நான் கருதுகிறேன்.

நிலைமை என்னவென்று முதலில் பார்ப்போம். அரச ஆஸ்பத்திரிகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளில் பல் பிடுங்குவதற்கும் சாதாரணமாகப் பல் அடைப்பதற்கும் கட்டணம் இல்லை. அடைக்கும் பொருள் கையிருப்பில் இருந்தால் அடைப்பார்கள். வேர்ச் சிகிச்சை, கட்டுப் பல், முரசு நோய்க்கான முறையான சிகிச்சை ஆகியவற்றுக்கு அதற்குரிய நிபுணரும் ஆய்வுகூடமும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அங்கே காத்திருப்புப் பட்டியல் நீளமானது. சாகாமம் போன்ற ஒரு குளக்கரைக் கிராமத்தில் இருந்து பார்த்தால் அந்தத் தூரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அக்கரைப்பற்றுக்குப் போவதென்றால் பஸ் காசு மட்டும் செலவில்லை, வயலில் ஒரு நாள் கூலியும் போகிறது. வேர்ச் சிகிச்சைக்கு ஒரு தடவை போனால் போதாது, இரண்டு மூன்று தடவை போக வேண்டும். பிடுங்குவதற்கு ஒரு தடவை போதும். நாட்கூலிக்காரர் பிடுங்குவதைத் தேர்ந்தெடுப்பதை அறியாமை என்று சொல்வது தவறு. அவர் முன்னால் வைக்கப்பட்ட இரண்டு வழிகளில் தன் குடும்பத்தால் தாங்கக்கூடியதை அவர் சரியாகவே கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். தவறு அந்த இரண்டு வழிகளை மட்டும் வைத்த இடத்தில் இருக்கிறது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச் மாத இறுதியில், மருந்தில்லாமல் பேராதனை போதனா வைத்தியசாலை அவசரமல்லாத சத்திர சிகிச்சைகளை நிறுத்தி வைத்ததை நாம் எல்லோரும் அறிவோம். பின்னர் அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் 5 வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது, ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டது, புதிய ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் இவை ஒன்றாகச் சேரும்போது பல் சிகிச்சைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போனவரின் இடம் வெற்றிடமாக நிற்கும். பழுதான பல் கதிரை திருத்தப்படுவதற்கு இதய நோய்ப் பிரிவின் இயந்திரத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அடைக்கும் பொருளுக்கான கொள்வனவு இன்சுலினுக்குப் பின்னால் போகும். இதில் எவரும் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. பல்வலியால் இன்றைக்கு இரவே எவரும் சாவதில்லை, ஆகவே ஒவ்வொரு தடவையும் பல்தான் விட்டுக்கொடுக்கிறது. வர்த்தமானியில் வராத, வாக்கெடுப்பில் நிற்காத, ஒருவர் பெயரும் பொறிக்கப்படாத ஒரு குறைப்பு இப்படித்தான் உருவாகிறது.

வெளிநாடுகளில் இதே குறைப்பைச் சட்டமாகவே செய்திருக்கிறார்கள். சட்டமாகச் செய்ததால் அதன் விளைவை அளக்கவும் முடிந்தது, திருப்பிக் கேட்கவும் முடிந்தது. பிரித்தானியாவில் 1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது கட்டுப் பல் உட்பட எல்லாம் இலவசம். கொரிய யுத்தத்துக்கான ஆயுதச் செலவு கூடியபோது, 1951 ஏப்ரல் வரவு செலவுத் திட்டத்தில் கட்டுப் பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார்கள். அந்த வருடத்தில் அதனால் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தது 13 மில்லியன் பவுண். யுத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு சிறு தொகை. அந்தச் சேவையைக் கட்டியெழுப்பிய அமைச்சர் அனைரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி துறந்தார். அவரோடு பிற்காலத்தில் பிரதமரான ஹரோல்ட் வில்சனும் விலகினார். யுத்தம் 1953இல் ஓய்ந்தது, கட்டணம் இங்கிலாந்தில் இன்றுவரை ஓயவில்லை. நெருக்கடிக்காக என்று சொல்லி எடுக்கப்படும் ஒன்று நெருக்கடி முடிந்ததும் தானாகத் திரும்பி வருவதில்லை என்பதற்கு இதைவிட நீண்ட உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அங்கே கூட, குறிப்பிட்ட நலன்புரிக் கொடுப்பனவு பெறும் ஏழைகளுக்கு அந்தக் கட்டணத்தில் இருந்து விலக்கு எழுத்தில் இருக்கிறது. நமது அஸ்வெசும குடும்பத்துக்கு அப்படி எழுத்தில் இருக்கும் பல் உரித்து எதுவும் இல்லை.

கலிபோர்னியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அங்கே விட்டுவைத்ததும் நம்மிடம் மிஞ்சியிருப்பதும் ஒன்றுதான். 2009இல் அந்த மாநிலத்தின் கஜானா வற்றியபோது, ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் இருந்து வயது வந்தோருக்கான பல் சிகிச்சையைப் பெரும்பாலும் நீக்கினார்கள். பல் பிடுங்குவது போன்ற அவசர சிகிச்சைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் முப்பது இலட்சம் அளவில். பின்னர் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பல் வருத்தத்துக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் வருடத்துக்கு 1,800க்கும் மேலாகக் கூடியதையும், அதற்கான வருடாந்தச் செலவு 68 வீதம் உயர்ந்ததையும் காட்டியது. அவசர சிகிச்சைப் பிரிவில் பல் வைத்தியர் இருப்பதில்லை. வலி நிவாரணியும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் கொடுத்து அனுப்புவார்கள், சூத்தை அப்படியே இருக்கும், ஆள் திரும்பவும் வருவார். கூடிய இந்தச் செலவு, அந்த வெட்டினால் மிச்சமான தொகை முழுவதையும் விழுங்கிவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். அது காட்டுவது, நோய் வெட்டப்படவில்லை, வேறொரு வாசலுக்குத் தள்ளப்பட்டது என்பதைத்தான். 2014இல் ஒரு பகுதியையும் 2018இல் மீதியையும் அந்த மாநிலம் திருப்பிக் கொடுத்தது. சட்டத்தில் எடுத்ததைச் சட்டத்தில் கேட்டுப் பெற்றார்கள்.

எவரும் சாவதில்லை என்று மேலே எழுதினேன், அது ஓர் இரவுக் கணக்கு மட்டுமே. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் சூத்தைப் பல்லில் இருந்து கிருமி மூளைக்குப் பரவியது. அவன் குடும்பத்தின் அரச மருத்துவக் காப்பு அந்த நேரத்தில் விட்டுப்போயிருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டொலர் அளவு போதும். இரண்டு மூளைச் சத்திர சிகிச்சைகளும் வாரக்கணக்கான ஆஸ்பத்திரி வாசமும் இரண்டரை இலட்சம் டொலரைத் தாண்டின, பிள்ளையும் தங்கவில்லை. 2009இல் அமெரிக்கக் காங்கிரஸ் பிள்ளைகளுக்கான காப்புறுதித் திட்டத்தில் பல் சிகிச்சையைக் கட்டாயமாக்கியபோது அந்தச் சிறுவனின் மரணம் அதன் பின்னால் இருந்தது.

நமது நாட்டுக்கு இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒரு வரலாறு இருக்கிறது, அதையே எனது வலுவான சான்றாக வைக்கிறேன். 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களைப் பயிற்றும் நிலையம் மகரகமையில் உருவானது. முழுமையான பல் வைத்தியர் ஒருவரை உருவாக்குவதை விடக் குறைந்த காலத்தில், குறைந்த செலவில் பயின்ற அவர்கள், பாடசாலை வளவுக்குள்ளேயே பிள்ளைகளின் பல்லை அடைத்தும் சுத்தம் செய்தும் காப்பாற்றினார்கள். தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகளை எடுத்துப் பாருங்கள். 1983-84இல் 12 வயதுப் பிள்ளை ஒன்றுக்குச் சூத்தையால் பாதிக்கப்பட்ட பற்கள் சராசரி 1.9. 2015-16இல் அது 0.6 அளவுக்கு இறங்கியது. பணக்கார நாடுகள் பல அடையாத இலக்கு அது. புளோரைட் சேர்த்த பற்பசை வீடுகளுக்குள் வந்ததற்கும் இதில் பெரிய பங்குண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே 2015-16 ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. 5 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோருக்குச் சூத்தை இருந்தது, அதில் பெரும்பகுதி சிகிச்சை காணாதது. பாடசாலைச் சேவை சென்று சேரும் வயதில் நோய் இறங்கியிருக்கிறது. சென்று சேராத வயதில், அதே தாய் தந்தை, அதே சாப்பாடு, அதே பற்பசை உள்ள வீட்டில், நோய் அப்படியே நிற்கிறது. பால் பல் விழுந்துவிடும்தானே என்று பலர் விட்டுவிடுவதும் ஒரு காரணம். இருந்தும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம் மக்களின் பழக்கத்தால் மட்டும் வந்ததென்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும்: காசு எங்கே? சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் ஏறக்குறைய 3 பில்லியன் டொலருக்குச் செய்த உடன்பாட்டின் கீழ் வரவையும் செலவையும் பொருத்திக் காட்ட வேண்டிய அரசாங்கம் இது. நான் அதை இலேசாக எடுக்கவில்லை. ஆனால் அந்த வரவில் ஏழைகளின் பங்கு என்னவென்றும் பாருங்கள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இல் இருந்து 18 வீதமானது, விலக்குகள் பல நீக்கப்பட்டன. பற்பசை வாங்கும் கூலிக்காரரும் அந்த வரியைச் சேர்த்தே கொடுக்கிறார். உலக சுகாதார நிறுவனமோ 2021இல் புளோரைட் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மறுபக்கம், 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களில் உள்ள சீனிக்கு கிராமுக்கு 50 சதம் என்று நல்லதொரு வரி போடப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. பல்லைக் கெடுப்பதன் மீதான வரியைத் தளர்த்தவும் பல்லைக் காப்பதன் மீது வரி வாங்கவும் முடிகிற ஒரு திறைசேரி, காசில்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. தாய்லாந்து 2002இல் தன் மக்கள் எல்லோருக்குமான சுகாதாரக் காப்பைத் தொடங்கியபோது, ஐந்து வருடத்துக்கு முன்னர்தான் அது ஆசிய நிதி நெருக்கடியில் விழுந்து எழும்பியிருந்தது. பல் அடைப்பதையும் கட்டுப் பல்லையும் அந்தக் காப்புக்குள்ளேயே வைத்தார்கள்.

இரண்டாவது மறுப்பு நமது ஊர்களிலேயே அடிக்கடி கேட்பது: வெத்திலையும் பாக்கும் புகையிலையும் போட்டுக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு அரசாங்கம் ஏன் செலவழிக்க வேண்டும்? புகையிலை சேராத வெற்றிலை பாக்குக் கூட்டும், வெறும் பாக்கும் கூடப் புற்றுநோயைத் தருபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் இருபது வருடத்துக்கு முன்னரே தீர்மானித்துவிட்டது. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பழக்கம் கெட்டது, விடத்தான் வேண்டும், அதில் விவாதம் இல்லை. ஆனால் அந்தப் பழக்கமே இவர்களைப் பல் கதிரைக்கு அடிக்கடி அழைக்க வேண்டியதற்கான காரணம். வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டாக, அல்லது வாய் முழுதாகத் திறக்க முடியாத இறுக்கமாக, முன்கூட்டியே தெரியும். அதைப் பார்ப்பதற்கு ஸ்கான் வேண்டாம், வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். இதை உலகத்துக்குக் காட்டிய நாடுகளில் நமது நாடும் ஒன்று. ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவித்து 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்கவைத்த இலங்கை ஆய்வு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியானது. பின்னர் கேரளத்தின் திருவனந்தபுரத்தில் இதையே பெரிய அளவில் சோதித்தார்கள். 2005இல் வெளியான அந்த முடிவின்படி, மக்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் திட்டவட்டமாகத் தெரியவில்லை. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் மட்டும் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்திருந்தது. அதாவது, கெடுத்துக்கொண்டவர்கள் என்று நாம் ஒதுக்கும் அதே ஆட்களிடம்தான் இந்தச் செலவு உயிரைக் காக்கிறது. பல் சிகிச்சைக்கு வழியில்லாதவர் பல் வைத்தியரிடம் போவதில்லை, போகாதவரின் வாயை எவரும் பார்ப்பதில்லை, திட்டு கட்டியாகிய பிறகு அவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மட்டக்களப்புக்கோ மகரகமைக்கோ மாதக்கணக்கில் அலைகிறார். அந்த அலைச்சலின் செலவும் இலவச சுகாதாரத்தின் கணக்கில்தான் விழுகிறது.

கையில் காசு கொடுக்கிறோமே, அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது மூன்றாவது மறுப்பு. 2023 ஜூலையில் இருந்து சமுர்த்தியின் இடத்தில் வந்த அஸ்வெசும, 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தரம் பிரிக்கிறது. 2025 ஜனவரியில் உயர்த்தப்பட்ட பிறகு வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய். ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்யப் போனால் வறிய குடும்பத்தின் முழு மாதக் கொடுப்பனவும் போதாது. அந்தக் காசு அரிசிக்கும் மின் கட்டணத்துக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் என்று வருவதற்கு முன்னரே பிரிந்துவிட்ட காசு. குறிகாட்டிகளில் சுகாதாரம் என்ற தலைப்பின் கீழ் பார்க்கப்படுவது நாட்பட்ட நோயும் வலுவிழப்பும். முன் பல் இல்லாமல் கடையில் வேலை கேட்கத் தயங்குபவரோ, மெல்ல முடியாமல் கஞ்சியோடு நிற்கும் முதியவரோ அந்தத் தலைப்புக்குள் வருவதில்லை. பல் இல்லாமை வறுமையைக் கூட்டுகிறது, ஆனால் வறுமையை அளக்கும் கோலில் அதற்கு இடமில்லை.

சிறுநீரக நோயாளிகளும் இதய நோயாளிகளும் மருந்துக்குத் தவிக்கையில் பல்லைப் பேசலாமா என்று கேட்பவர்களின் மனம் நல்லது. ஆனால் நீரிழிவு முரசு நோயைக் கூட்டுகிறது, முரசு நோய் நீரிழிவைக் கட்டுக்குள் வைக்க விடாமல் செய்கிறது. இது மருத்துவ உலகில் நிலைபெற்ற உண்மை. நமது கரையோர ஊர்களின் கிளினிக் நாட்களில் வரிசையில் நிற்கும் நீரிழிவுக்காரரின் வாயைப் பார்க்காமல் அவருக்கு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டு போவதில் சிக்கனம் எதுவும் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. சபையில் அமைச்சரிடம் வாய்மூல விடைக்கான வினா ஒன்றைத் தாக்கல் செய்யுங்கள். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பிரிவிலும் அம்பாறைப் பிரிவிலும் பல் வைத்தியருக்கும் பாடசாலைப் பல் சிகிச்சையாளருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, இயங்காத கதிரைகள் எத்தனை, 2019இல் அடைக்கப்பட்ட பற்களும் பிடுங்கப்பட்ட பற்களும் எத்தனை, இன்று எத்தனை என்று கேளுங்கள். ஒவ்வொரு பல் பிரிவும் மாதாந்தம் எழுதி அனுப்பும் கணக்கு அது, திணைக்களத்திடம் இருக்கிறது. சொல்ல மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையிலும் இருக்கிறது. ஆனால் அது சபையின் பதிவேட்டில் ஏறினால்தான் குறைப்பு என்று பெயர் பெறும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர் தேர்தலே நடக்கவில்லை. மாகாணத்தின் சுகாதாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தெரிவுசெய்த வாய் திருகோணமலையில் இல்லாத காலம் இது. அந்தக் கடமையும் இப்போது உங்கள் மேல்தான் விழுந்திருக்கிறது.

அந்தக் கணக்கு வந்த பின்னர், அஸ்வெசும குடும்பங்களுக்கென ஓர் உரித்தை எழுத்தில் கேளுங்கள். வருடத்தில் ஒரு தடவை வாய்ப் பரிசோதனை, அடைக்கக்கூடிய பல்லை அடைத்தல், முன் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டுப் பல். அரச ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்குள் இதைச் செய்ய முடியாவிட்டால், நிர்ணயித்த விலைக்குத் தனியார் பல் வைத்தியரிடம் செய்வித்து அரசாங்கமே கொடுக்கும் முறை ஒன்றை ஒரு மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கலாம், அது நமது மாவட்டமாக இருக்கட்டும். முன்பள்ளிகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் போகும் நாள் அட்டவணையில் ஏற வேண்டும். நடமாடும் பல் சிகிச்சை, சாகாமம், தாண்டியடி, காஞ்சிரங்குடா போன்ற உட்கிராமங்களுக்கு அறுவடை ஓய்ந்த மாதங்களில் வர வேண்டும். விதைப்பிலும் வெட்டிலும் வந்தால் வளவில் ஆள் இருக்காது. புளோரைட் பற்பசையைப் பெறுமதி சேர் வரியில் இருந்து விலக்குவதற்கு அந்த வரிச் சட்டத்தில் ஒரு சிறு திருத்தம் போதும்.

சுகாதார அமைச்சின் தலைப்பு குழுநிலை விவாதத்துக்கு வரும் நாளில் உங்கள் ஏழு பேருக்கும் கிடைக்கும் நேரம் கட்சிக் கணக்கில் சில நிமிடங்கள்தான் என்பதும் தெரியும். ஆஸ்பத்திரியின் தரமுயர்வும் எந்த ஊருக்கு எந்தப் பிரிவு என்பதும் அந்த நிமிடங்களைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. இந்த வினாவில் எந்த ஊருக்கு எதிராக எந்த ஊரும் இல்லை. மேலே எழுதிய எண்களை உங்களில் முதலில் கேட்பவர் யாராக இருந்தாலும், மற்ற ஆறு பேரும் அதில் கையொப்பமிடுங்கள். விடை கிடைத்ததும் ஹன்சாட்டின் அந்தப் பக்கத்தை ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாகாமத்து வாக்காளர் ஒருவர்